குரல்வளை மூடி அழற்சி: வாயைத் திறந்து பார்க்கக் கூடாத தொண்டை வலி

குழந்தைக்குத் தொண்டை வலி என்றால் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, "எங்கே, ஆ காட்டு" என்று வாயைத் திறக்க வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, அடம் பிடித்தால் ஸ்பூனால் நாக்கை அழுத்தி எட்டிப் பார்ப்போம். பெரும்பாலும் இதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அப்படி எட்டிப் பார்க்கப்போய் மூச்சே நின்றுவிடக்கூடிய ஒரு நோய் இருக்கிறது. டாக்டர்கள் எபிகிளாட்டிட்டிஸ் என்பார்கள். தமிழில் குரல்வளை மூடி அழற்சி. இன்று அரிதாகிவிட்டது. அரிது என்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை, பல நேரம் டாக்டருக்குக்கூட.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். நாக்கின் அடிவேருக்குப் பின்னால், குரல்வளையின் வாசலுக்கு மேலே, இலை வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு நிற்கிறது. அதுதான் குரல்வளை மூடி. உங்கள் காது மடலை மடக்கிவிட்டுப் பாருங்கள், வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்கிறது அல்லவா? இதுவும் அதே வகைக் குருத்தெலும்புதான். மூச்சு விடும்போது நிமிர்ந்து நிற்கும். விழுங்கும்போது பின்பக்கமாகச் சாய்ந்து குரல்வளையின் வாயை மூடும். சோறும் தண்ணீரும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு உணவுக்குழலுக்குப் போய்விடும். சாப்பிடும்போது சிரித்துப் பேசினால் புரையேறுகிறதே, அது இந்த ஏற்பாடு ஒரு நொடி தாளம் தப்புவதால் வருவது.

இந்த மூடியிலும் அதை ஒட்டியிருக்கும் சதை மடிப்புகளிலும் கிருமி தொற்றி வீக்கம் வந்தால் என்ன ஆகும்? இதே அளவு வீக்கம் விரலிலோ கன்னத்திலோ வந்திருந்தால் நாலு நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. நுரையீரலுக்குக் காற்று போக வேறு வழி கிடையாது. மெல்லிய இலையாக நின்ற மூடி ஒரு உருண்டையாகப் பருத்து, பின்பக்கம் சுருண்டு, மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை வாசலுக்குள்ளேயே உறிஞ்சப்படப் பார்க்கும். கிருமியைவிட அது வந்து உட்கார்ந்த இடம்தான் இந்த நோயில் ஆளைக் கொல்வது. கீழே சொல்லப்போகும் அத்தனைக்கும், 'இதைச் செய்யாதே' என்பதற்கும் சேர்த்து, காரணம் இது ஒன்றுதான்.

குழந்தைகளுக்கு ஏன் கூடுதல் ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 4 மி.மீ. அகலமுள்ள குழாய் ஒன்றில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2 மி.மீ. பரப்பில் பார்த்தால் பழைய வழியில் கால் பங்கு. காற்று போவதற்கான தடையோ 16 மடங்காகிறது, ஏனென்றால் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு முறை இரட்டிக்கிறது. அதே 1 மி.மீ. வீக்கம் 8 மி.மீ. குழாயில் வந்தால் பரப்பில் பாதிக்கு மேல் மிஞ்சும். தடை சுமார் மூன்று மடங்குதான். பெரியவர் தாக்குப்பிடிக்கும் வீக்கத்தைக் குழந்தை தாங்காது. போதாக்குறைக்குக் குழந்தையின் குரல்வளை மூடி தொளதொளவென்று இருக்கும், உடம்புக்கு ஒப்பிட்டால் அளவிலும் பெரிது.

இந்த நோய் ஒரு நாளுக்குள் என்ன செய்யும் என்பதற்கு மணிவாரியாகக் குறிப்பு எழுதி வைக்கப்பட்ட பழைய சாவு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுடையது. 1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் குதிரையில் தன் பண்ணையைச் சுற்றிவிட்டு வந்தார். மறுநாள் தொண்டை வலி, மாலையில் குரல் கம்மிப்போனது. சளிக்கெல்லாம் மருந்து சாப்பிடுகிற ஆள் இல்லை அவர். வந்தபடியே போகட்டும் என்று விட்டுவிட்டார். 14ஆம் தேதி விடிவதற்கு முன் மூச்சு முட்டி எழுந்தார். வெல்லப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து கொடுத்தார்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. விழுங்க முயன்றதும் உடல் துடித்து மூச்சு நிற்கப் பார்த்தது. அதற்குப் பிறகும் கொப்பளிக்க ஒரு கஷாயம் கொடுத்தார்கள், மறுபடியும் அதே கதை. மூன்று டாக்டர்கள் வந்தார்கள். அந்தக் கால வழக்கப்படி நான்கு தடவை ரத்தம் வெளியேற்றப்பட்டது. மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மேல் என்பது பிற்கால மதிப்பீடு. மூவரில் இளையவரான எலிஷா டிக் மட்டும், கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்து வழி ஏற்படுத்தலாம் என்றார். மூத்தவர்கள் ஒப்பவில்லை. அன்று இரவு பத்து மணிக்கு மேல் வாஷிங்டன் இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ஆனாலும் செயலாளர் டோபியாஸ் லியர் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்த இன்றைய மருத்துவர்கள் பலர், இது குரல்வளை மூடி அழற்சிதான் என்று கருதுகிறார்கள். அந்த அறையில் வழி தெரிந்த ஒரே ஆள் டிக்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரத்தம், கஷாயம் எல்லாம் அப்புறம், முதலில் காற்றுக்கு வழி வேண்டும் என்று அவர் நினைத்தார். இன்றைய சிகிச்சையும் அந்த வரிசையில்தான் நடக்கிறது.

சரி, அடையாளம் காண்பது எப்படி?

குழந்தைகளில் இது வேகமாக வரும். காலையில் ஓடியாடிய குழந்தைக்கு மதியம் கடும் காய்ச்சல், மாலைக்குள் மூச்சுத் திணறல் என்று சில மணி நேரத்திலேயே நிலைமை மாறும். இந்த நோய்க்கான தடுப்பூசி வருவதற்கு முன் இரண்டு முதல் ஏழு வயதுவரையான குழந்தைகளையே அதிகம் பிடித்தது. தொண்டை அப்படி வலிக்கும், எச்சிலைக்கூட விழுங்க முடியாது. அதனால் வாயோரம் வடிந்துகொண்டே இருக்கும். பல் முளைக்கும் கைக்குழந்தைக்கு எச்சில் வடிந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். நாலு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலோடு திடீரென்று எச்சில் வடிந்தால் அது வேறு விஷயம். குரலும் மாறும். ஜலதோஷத்தில் வரும் கரகரப்பு இல்லை இது. வாய் நிறையச் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல அமுங்கிய குரல். பல குழந்தைகள் பேசுவதையே நிறுத்திவிடும்.

எல்லாவற்றையும்விடக் குழந்தை உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். படுக்க மறுக்கும். முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் முன்னே ஊன்றி, மோவாயை முன்னுக்கு நீட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரும். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது. அப்படி உட்கார்ந்தால்தான் வீங்கிய மூடி முன்பக்கம் தொங்கி, பின்னால் கொஞ்சம் வழி கிடைக்கிறது என்று உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்தால் அந்த வழியும் அடைபடும். ஓயாமல் அழுகிற குழந்தையைவிட, பயந்த முகத்தோடு இப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைதான் அவசரம்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு கீச்சொலி வரலாம். அது வந்துவிட்டால் வழி ஏற்கெனவே நன்றாகக் குறுகிவிட்டது என்று பொருள். வீட்டில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. முன்பு கேட்ட சத்தம் இப்போது குறைந்துவிட்டது, ஆனால் குழந்தை துவண்டு போகிறது என்றால் அது தேறுவதன் அறிகுறியும் இல்லை. சத்தம் போடும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை.

இதோடு எளிதில் குழப்பிக்கொள்ளக் கூடியது குரூப் என்ற நோய். அது வைரஸால் வருவது, ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை சாதாரணம். இரண்டு நாள் மூக்கு ஒழுகும், லேசான காய்ச்சல் இருக்கும், அப்புறம் ஒரு ராத்திரி நாய் குரைப்பது மாதிரி இருமல் வரும். அந்த இருமல்தான் பிரித்துக் காட்டுவது. குரல்வளை மூடி அழற்சியில் இருமல் பெரும்பாலும் இருக்காது, எச்சில் வடியும். குரூப்பில் இருமல் இருக்கும், எச்சில் வடிவது அபூர்வம். நிலக்கடலை, புளியங்கொட்டை, பட்டன் எதையாவது முழுங்கி மாட்டிக்கொண்டாலும் மூச்சுத் திணறும், ஆனால் அது காய்ச்சல் இல்லாமல், விளையாட்டின் நடுவில், ஒரு நொடியில் வரும். தொண்டையின் பின்புறம் சீழ் கட்டுவதும், தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியாவும் டாக்டரின் பட்டியலில் இருக்கும். அவற்றைப் பிரித்தறிவது அவர் வேலை, நமக்கு அவசியமில்லை.

பெரியவர்களில் கதை சற்று வேறு. தடுப்பூசி பரவலான நாடுகளில் இன்று இந்த நோய் குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். கிருமி இல்லாமலும் வரலாம்: கொதிக்கக் கொதிக்க எதையாவது குடித்து வெந்துபோவது, நீராவி சுடுவது, அமிலம் பட்டுப் புண்ணாவது எல்லாம் அதே வீக்கத்தைக் கொண்டுவரும். பெரியவர்களின் காற்றுவழி அகலமாக இருப்பதால் ஓரிரு நாள் வெறும் தொண்டை வலியாகவே ஓடும். இங்கேதான் ஏமாறுவது. டாக்டர் வாயைத் திறந்து பார்க்கிறார், டான்சில் நன்றாக இருக்கிறது, பெரிதாகச் சிவப்பும் இல்லை. நோயாளியோ தண்ணீரைக் கண்டாலே முகம் சுளிக்கிறார். கண்ணுக்குத் தெரிவதற்கும் வலிக்கும் அளவுக்கும் பொருத்தமே இல்லை என்றால், குற்றவாளி நாக்குக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறான் என்று சந்தேகிக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்கு மேல் லேசாகத் தொட்டாலே வலிப்பதும் ஒரு துப்பு. பெரியவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு இ.என்.டி. டாக்டர் நேரடியாகப் பார்ப்பார். செக்கச்செவேலென்று உப்பிய மூடி அதில் தெரிந்துவிடும். அதையும் மூச்சு அடைத்தால் சமாளிக்க ஆளும் கருவியும் இருக்கும் இடத்தில்தான் செய்வார்கள்.

வீட்டில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாதது அதிகம்.

குழந்தை எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே அம்மா மடியில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு அழையுங்கள். மூச்சு முட்டுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்ற இரண்டையும் அழுத்திச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கச் சொன்னால் படுக்க வைக்க வேண்டாம், உட்கார்ந்தே வரட்டும். வாயைத் திறந்து பார்க்காதீர்கள். ஸ்பூன், விரல் எதுவும் உள்ளே போகக் கூடாது. நாக்கை அழுத்தினாலோ குழந்தை கதறினாலோ குரல்வளை இறுகி, மிச்சமிருக்கும் வழியும் ஒரேயடியாக அடைபடலாம். தேன், சுக்குக் கஷாயம், காய்ச்சல் சிரப் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். பாட்டி ஆசையோடு துளசிச் சாறு எடுத்து வருவார்; அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன கிளினிக்கில் வரிசையில் காத்திருப்பதைவிட, ஆபரேஷன் தியேட்டரும் ஐசியுவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போவது நல்லது.

ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பார்த்தால் வெளியாட்களுக்குக் கோபம்கூட வரலாம். குழந்தை திணறுகிறது, இவர்கள் ஊசி போடவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, டிரிப்ஸ் ஏற்றவில்லை, அம்மா மடியிலேயே விட்டுவிட்டு ஆக்சிஜன் குழாயை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அசட்டை இல்லை அது. ஒரு ஊசி குத்தி அழ வைத்தால் எல்லாம் முடிந்துவிடலாம் என்ற கணக்கு. அந்த நேரத்தில் பின்னால் மயக்க மருந்து டாக்டர், இ.என்.டி. டாக்டர், குழந்தை மருத்துவர் மூவரும் தியேட்டரைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் வீங்கிய மூடி கட்டைவிரல் நிழலைப் போலத் தெரியும் என்று எல்லா மருத்துவப் புத்தகங்களிலும் படம் இருக்கிறது. நிலைமை மோசமாக இருக்கும் குழந்தையை அந்தப் படத்துக்காக எக்ஸ்ரே அறைக்கு அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. எக்ஸ்ரே சரியாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது.

தியேட்டரில் குழந்தையை உட்கார்ந்த நிலையிலேயே வைத்து, முகமூடி வழியாக மயக்க வாயுவைச் சுவாசிக்க வைப்பார்கள். தானாக மூச்சு விடுவது நிற்காமல் பார்த்துக்கொண்டே மயக்கத்தை ஆழமாக்குவார்கள். அதற்குப் பிறகுதான் நரம்பில் ஊசி. பின்னர் கருவியால் நாக்கைத் தூக்கிப் பார்த்தால், குரல்வளை இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த சதைக் குமிழ்கள்தான் தெரியும். துவாரம் எங்கே? அப்போது உதவியாளர் குழந்தையின் நெஞ்சை மெதுவாக ஒருமுறை அழுத்துவார். நுரையீரலிலிருந்து வரும் காற்று அந்தச் சதைகளுக்கிடையே ஒரு சிறு நீர்க்குமிழியை எழுப்பும். குமிழி வந்த இடம்தான் வழி. வயதுக்கு வழக்கமான அளவைவிட அரை முதல் ஒரு மி.மீ. மெல்லிய டியூபை அங்கே செலுத்துவார்கள். அது முடியாமல் போனால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலைத் திறக்க இ.என்.டி. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். டியூப் இறங்கிய நொடியில் அறையில் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு வரும்.

அதற்குமேல் கடினமான வேலை அதிகம் இல்லை. ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்புவார்கள். செஃப்ட்ரியாக்சோன் அல்லது செஃபோடாக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்கை நரம்பில் கொடுப்பார்கள்; மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி மேல் சந்தேகம் இருந்தால் வான்கோமைசினும் சேரும். மொத்தம் ஏழு முதல் பத்து நாள். வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிந்து டியூபை எடுத்துவிடலாம். ஸ்டீராய்டு பல இடங்களில் கொடுக்கிறார்கள், ஆனால் அதனால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குரூப்பில் நன்றாக வேலை செய்யும் அட்ரினலின் நெபுலைசரும் இங்கே நிரூபணமான சிகிச்சை இல்லை. பெரியவர்களில் பலருக்கு டியூபே தேவைப்படாது. ஐசியுவில் வைத்துக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தால் போதும்.

இனி கிருமி. குழந்தைகளுக்கு இந்த நோயைக் கொண்டுவந்தது பெரும்பாலும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி வகை, சுருக்கமாக ஹிப். பெயரைப் பார்த்து ஃப்ளூ காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம். 1892இல் ஜெர்மன் கிருமியியலாளர் ரிச்சர்ட் ஃபைஃபர் இதை ஃப்ளூ நோயாளிகளிடம் கண்டு, ஃப்ளூவுக்குக் காரணம் இதுதான் என்று தவறாக முடிவுகட்டினார், பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கிருமி ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உலவும். 1980களின் நடுவில் அந்தச் சர்க்கரையை மட்டும் வைத்து ஒரு தடுப்பூசி வந்தது. சின்னக் குழந்தைகளின் உடம்பு அதை எதிரியாக மதிக்கவே இல்லை. அப்புறம் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் ஒரு பக்கமும், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இன்னொரு பக்கமும், சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தார்கள். புரதத்தைக் கண்டதும் குழந்தையின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டது, கூடவே சர்க்கரையையும் அடையாளம் பிடித்து வைத்துக்கொண்டது. நால்வருக்கும் 1996இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. இந்த ஊசி போட ஆரம்பித்த நாடுகளில் குழந்தைகளிடம் இந்த நோய் சில வருடங்களிலேயே ஏறக்குறைய காணாமல் போயிற்று.

இந்தியாவில் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் இது முதலில் நுழைந்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். தனி ஊசியாக இல்லை. பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் இருக்கிறது. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிறார்களே, அதேதான். தடுப்பூசி அட்டையில் மூன்றும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ஊசி போட்ட குழந்தைக்கு இந்த நோய் வரவே வராது என்று சொல்ல முடியாது, நியூமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற வேறு கிருமிகளும் இதைச் செய்யும். வாய்ப்பு மிகக் குறைவு, அவ்வளவுதான்.

குழந்தை தேறி வீடு திரும்பும்போது பெற்றோர் கேட்க மறக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. நோய்க்குக் காரணம் ஹிப் என்று உறுதியாகி, வீட்டில் தடுப்பூசி முழுமையாகாத இன்னொரு சின்னக் குழந்தையோ எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இருந்தால், வீட்டில் எல்லோரும் கிருமி பரவாமலிருக்க நான்கு நாள் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொல்லலாம். கர்ப்பிணி இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கு அந்த மருந்து கொடுப்பதில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட ஒன்றுமில்லை. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மட்டும் அந்த நாட்களில் கழற்றி வைத்துவிடட்டும், கறை பிடித்தால் போகாது. இரண்டாவது, நோய் வந்து போன குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை என்றால் ஹிப் ஊசியை மறுபடியும் போட்டாக வேண்டும். அந்த வயதில் நோயே வந்து போனாலும் உடம்பில் நம்பத்தக்க எதிர்ப்பாற்றல் தங்குவதில்லை.